சம்பளத்துக்கு முன் தேதியைக் கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கால்பந்தில் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரி. மாவட்ட அணிக்கும் பல்கலைக்கழக அணிக்கும் ஆடியிருக்கிறாள். இந்தியப் பெண்கள் லீக்கில் ஆடும் ஒரு வெளிமாநில கிளப்பிலிருந்து போன் வந்தது. ‘சீசனுக்கு இவ்வளவு’ என்று ஒரு தொகை சொல்லி, பத்து நாளில் முகாமுக்கு வரச் சொல்கிறார்கள். எழுத்தில் இதுவரை ஒன்றும் இல்லை. படிப்பு கெட்டுவிடும், முழங்கால் போய்விடும் என்று அவள் அம்மா பயப்படுகிறாள். நாளைக்கு அரசு வேலைக்கு இது உதவுமா என்பது என் கேள்வி. அனுப்பலாமா? தேசிய சாம்பியன்ஷிப்பை வென்ற தமிழ்நாட்டுக்கு இந்த லீக்கில் கிளப்புகளே அதிகம் இல்லையே, ஏன்?

முருகேசன், திண்டுக்கல்

அன்புள்ள முருகேசன்,

அனுப்பலாம். ஆனால் தொகையைப் பேசும் முன், அந்த ‘சீசன்’ எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அந்த இரண்டு தேதிகளுக்குள் இருக்கிறது.

2017 தொடக்கத்தில் தில்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் முதல் லீக் நடந்தபோது ஆறே அணிகள். மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் கோப்பையை எடுத்தது. இறுதிப்போட்டி வரை போன அணிக்கே மொத்தம் ஏழு ஆட்டம்தான், அதுவும் மூன்று வாரத்துக்குள். பெயர்தான் லீக், நடந்தது டோர்னமென்ட். 2019-ல் மதுரையின் சேது எஃப்சி லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று சாம்பியன் ஆனதும் அப்படி ஒரே ஊரில் அடுக்கிவைத்த ஆட்டங்களில்தான். 2021-22 பருவம் ஒடிசாவில் நடந்தது, 12 அணிகள், ஆளுக்கு 11 ஆட்டம். பத்துக்குப் பத்து வென்ற கோகுலம் கேரளாவும் பத்துக்குப் பத்து வென்ற சேதுவும் கடைசி நாளில் மோதின. கோகுலம் 3-1 என்று வென்றது. அந்த அளவுக்கு விறுவிறுப்பான முடிவு இந்த லீக்கில் அரிது.

சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று ஆடும் முறை 2023-24-ல்தான் வந்தது. அந்த ஆண்டு ஏழு அணி, 12 ஆட்டம், சாம்பியன் ஒடிசா எஃப்சி. அடுத்த ஆண்டு எட்டு அணி, 14 ஆட்டம், சாம்பியன் ஈஸ்ட் பெங்கால். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிட்டது. அதே பருவத்தில் இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீக்கில் 12 அணிகள் செப்டம்பர் முதல் மே வரை ஆளுக்கு 22 ஆட்டம் ஆடின.

இந்தக் கணக்கை உங்கள் மகள் பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். 14 ஆட்டம் என்றால் 1,260 நிமிடம். களத்தில் 11 பேர், ஆக கிளப்பின் கையில் 13,860 நிமிடம். 25 பேர் கொண்ட அணியில் சமமாகப் பங்கு வைத்தாலே ஆளுக்கு 554 நிமிடம்தான், அதாவது ஆறு ஆட்டம். எந்தக் கோச்சும் சமமாகப் பங்கு வைக்க மாட்டார். புதிதாக வரும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இரண்டு ஆட்டமும் சில கடைசி இருபது நிமிடங்களும் கிடைக்கலாம். அவள் விஷயத்தில் ஒரு நல்ல சேதி, அவள் ஸ்ட்ரைக்கர் இல்லை. கிளப்புகள் வெளிநாட்டு வீராங்கனைகளை எடுப்பது பெரும்பாலும் கோல் போடத்தான். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, கானாவின் எல்ஷடாய் அசெம்போங், உகாண்டாவின் ஃபசிலா இக்வாபுட் எல்லாரும் அந்த இடத்தில் வந்தவர்கள்தான். இடது காலால் ஓரத்திலிருந்து கோல் முன்னே நன்றாக கிராஸ் போடும் லெஃப்ட் பேக் இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. பல கிளப்புகள் வலது காலாட்டக்காரியை அங்கே நிறுத்திச் சமாளிக்கின்றன. அந்த இடத்தில் இப்போது யார் ஆடுகிறார், அவருக்கு மாற்று யார் என்று கோச்சிடமே கேட்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சம்பளத்துக்கு வருகிறேன். குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023-ல் அறிவித்தது. ‘பத்து’ என்ற எண்ணைக் கவனியுங்கள். பதினோராவது ஆளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்தப் பத்துப் பேரில் என் மகள் உண்டா என்று நேராகக் கேளுங்கள். ‘சீசனுக்கு’ என்ற சொல்லை ஏற்காதீர்கள். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், எந்தத் தேதிக்குள் வங்கியில் வரும், தங்குமிடமும் சாப்பாடும் அதற்கு மேலா, அதில் கழிப்பார்களா, இவ்வளவும் தாளில் வர வேண்டும்.

ஒப்பந்தம் குறைந்தபட்சம் அந்த சீசன் முடியும்வரை இருக்க வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை வைப்பதையும் அதே விதி தடுக்கிறது. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டியது கிளப்பின் வேலை. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்துவிட்டு வீராங்கனை விலகலாம். இந்த வரியை உங்கள் ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். தகராறு வரும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பதிவு விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். வீராங்கனையின் பதிவு சம்மேளனத்தின் சிஆர்எஸ் என்ற ஆன்லைன் முறையில் நடக்கிறது. ஒரு பருவத்தில் மூன்று கிளப்புகள் வரை பதியலாம், ஆனால் இரண்டுக்கு மட்டுமே ஆட முடியும். ஊரில் மாவட்ட லீக்குக்காக ஏற்கெனவே ஒரு கிளப்பில் பதிந்திருக்கிறாளா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அங்கிருந்து மாற்றல் வேண்டும், அதற்கு என்ஓசி (தடையில்லாச் சான்று) கேட்டு இழுத்தடிப்பார்கள், அதற்குள் கிளப் மாற அனுமதிக்கும் காலமான டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடிவிடும். நிரப்பாத படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட விடாதீர்கள். முகாமுக்குப் போன முதல் நாள் மாலையே அதைத்தான் நீட்டுவார்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. ஏசிஎல் எனும் முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே நடக்கும். குதித்து இறங்கும்போதோ, ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதோ முட்டி உள்பக்கமாக மடங்கும், அவ்வளவுதான். லெஃப்ட் பேக் வேலையே அதுதான்: மேலே ஏறி ஓடி, பந்து போனதும் திரும்பிப் பின்னால் பாய்வது. மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்று அட்டவணை போட்டால் எழுபதாவது நிமிடத்தில் தொடைத் தசை சோர்ந்திருக்கும், முட்டியைப் பிடித்து வைக்க ஆள் இருக்காது.

இதற்கு ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது. 15 பயிற்சிகள், மொத்தம் 20 நிமிடம்: எட்டு நிமிடம் மெதுவான ஓட்டம், பத்து நிமிடம் பலமும் சமநிலையும் குதிப்பும், கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது செய்தால்தான் பலன். நடுவிலுள்ள பத்து நிமிடத்தைத்தான் பலரும் விழுங்கிவிடுவார்கள், காப்பாற்றுவதே அதுதான். குதித்து இறங்கும்போது முட்டி கால் பெருவிரலின் உள்பக்கம் சாய்கிறதா என்று வீட்டிலேயே போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். செயற்கைப் புல் மைதானம் என்றால் ஏஜி அடிப்பாகமுள்ள ஷூ வேண்டும். இயற்கைப் புல்லுக்கான நீள ஸ்டட் அங்கே மாட்டிக்கொள்ளும், கால் நிற்கும், உடம்பு திரும்பும்.

ஏசிஎல் கிழிந்து அறுவை செய்தால் களத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம். ஒப்பந்தம் ஜனவரி முதல் ஏப்ரல்வரை நான்கு மாதம்தான் என்று வையுங்கள். மீதி ஐந்து மாதத்துக்கு ஃபிசியோவுக்கும் சிகிச்சைக்கும் யார் பணம் கட்டுவது? கிளப்புக்காக ஆடும்போது ஏற்பட்ட காயத்துக்கு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ‘களத்துக்குத் திரும்பும்வரை’ செலவு கிளப்புடையது என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் காப்பீட்டுப் பாலிசி நகலையாவது கேளுங்கள்.

வேலை விஷயம். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் கணக்கில் வருவது நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஆடியது, பல்கலைக்கழகத்துக்காக அனைத்திந்தியப் போட்டியில் ஆடியது, பள்ளி மாணவியாக தேசியப் பள்ளிப் போட்டிகளில் ஆடியது போன்றவைதான். கிளப்புக்காக ஆடியதற்கு அந்த ஒதுக்கீட்டுக்கான சான்றிதழ்ப் படிவங்களில் இடமில்லை. லீக் பதக்கம் அலமாரிக்கு அழகு. ஆகவே தேசிய சாம்பியன்ஷிப்புக்கும் பல்கலைக்கழகப் போட்டிக்கும் அவளை விடுவிப்பதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். லீக்கின் தேதிகளும் பல்கலைக்கழகப் போட்டித் தேதிகளும் மோதும் மாதங்கள் உண்டு. கடலூரின் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டே இந்தியாவுக்கு ஆடியவர். கிளப், மாநிலம், நாடு மூன்றையும் சேர்த்து ஆடினால்தான் அந்தப் பாதை. வருகைப் பதிவுக்குக் கல்லூரி முதல்வரின் அனுமதிக் கடிதம், ஊரை விட்டுக் கிளம்பும் முன்.

தமிழ்நாட்டுக்கு ஏன் அதிகக் கிளப் இல்லை என்று கேட்டீர்கள். நம் அணி 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரையும் 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனது உண்மை. ஆனால் மாநில அணி சில வார முகாம், அதன்பின் போட்டி, அத்தோடு கலைந்துவிடும். கிளப் என்றால் மாதக்கணக்கில் சம்பளம், விடுதி, பயணம். சேது அதைத் தாங்குகிறது. இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) ஆண்கள் அணி வைத்திருக்கும் கிளப்புகளில் பெரும்பாலானவை இந்த லீக் பக்கமே வரவில்லை, சென்னையின் எஃப்சி உட்பட. என் வருத்தம் அங்கேதான். புதிய கிளப் உள்ளே வர மாநில லீக்கை வென்று இரண்டாம் டிவிஷன் வழியாக ஏற வேண்டும். மாநில லீக் சில வாரத்தில் முடிந்தால் யார் முதலீடு செய்வார்கள்?

கிளப்புக்கு இன்றே ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள், மகளின் பெயரிலேயே: தேதிகள், மாதச் சம்பளம், பத்துப் பேர் பட்டியல், காயச் செலவு, பல்கலைக்கழக விடுவிப்பு. மூன்று நாளில் தாளில் பதில் வந்தால் டிக்கெட் எடுங்கள். ‘வந்த பிறகு பேசிக்கலாம்’ என்று மறுபடி போன் வந்தால், இந்த வருடம் பல்கலைக்கழக அணிக்கே ஆடட்டும். நல்ல லெஃப்ட் பேக்கைத் தேடி அடுத்த விண்டோவில் வேறு கிளப் வரும்.