வலி இல்லாமல் சிறுநீரில் ரத்தம்: டாக்டரிடம் என்ன சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 54. ஊர் குடியாத்தம். பேரணாம்பட்டில் தோல் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தேன். பீடிப் பழக்கம் உண்டு. போன மாதம் இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி, எரிச்சல் எதுவும் இல்லை. இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் குடித்தேன், நின்றுவிட்டது. வீட்டில் உடம்புச் சூடு என்கிறார்கள். இனியும் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: பார்க்க வேண்டும், இந்த வாரமே. நம் வேலூர் வெயிலில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்மஞ்சளாகும், கடுக்கும், நாளடைவில் கல்லும் சேரும். ரத்தம் போவதற்குச் சூடு மட்டும் காரணம் ஆகாது.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. கல் பெரும்பாலும் வலிக்கும், கிருமித்தொற்று எரியும். சிறுநீர்ப்பைக் கட்டியோ சத்தமில்லாமல் இருந்து, ஒரு நாள் ரத்தம் காட்டிவிட்டுப் பல வாரம் அடங்கிவிடும். அதற்குள் குடித்த இளநீருக்குப் பெயர் போய்விடும்! உங்களுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று பார்த்து உறுதி செய்யாமல் விடக்கூடாது.

டாக்டர் முதலில் கேட்பது, ரத்தம் எப்போது வந்தது என்பதை. ஆரம்பத்தில் மட்டும் வந்தால் சிறுநீர் வெளியேறும் குழாயைச் சந்தேகிப்போம். கடைசிச் சொட்டுகளில் என்றால் சிறுநீர்ப்பையின் கழுத்து, அதன் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி. முழுக்கச் சிவப்பு என்றால் பை அல்லது அதற்கும் மேலே. மறுபடி வந்தால் கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். வாய்வார்த்தையைவிட அந்தப் படம் உதவும். உறைந்த ரத்தம் நீள இழையாக வந்ததா, பட்டையாக வந்ததா என்றும் பாருங்கள். இழை என்றால் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் உறைந்திருக்கலாம். டிகாக்‌ஷன் நிறம், நுரை, முகவீக்கம், பிரஷர் சேர்ந்து வந்தால் கோளாறு சிறுநீரக வடிகட்டியில் இருக்கலாம். அதன் வைத்தியமே வேறு.

பீடியை மறைக்காதீர்கள். ‘விட்டாச்சு சார்’ என்றால் எப்போது விட்டீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கட்டு என்று கேட்பேன். புகையின் நச்சு சிறுநீரில் கலந்து பையில்தான் தேங்குகிறது. தோல் கம்பெனியில் எந்தப் பிரிவு என்பதும் முக்கியம். பென்சிடின் என்ற ரசாயனத்திலிருந்து செய்யும் சாயங்களுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் தொடர்பு உண்டு.

சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டு போங்கள். டிபி மாத்திரை ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சாக்கும், பீட்ரூட்டும் சிலருக்குச் சிவப்பாக்கும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைமேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். உள்ளே ஒளிந்திருப்பதை அது வெளியே காட்டியிருக்கலாம்.

அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி போனாலும் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி போனாலும் சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எடுப்பார்கள். ‘ஸ்கேன் நார்மல்’ என்றதும் திரும்பி வந்துவிடாதீர்கள். சிறு கட்டி ஸ்கேனில் தப்பிவிடும். உங்கள் வயதுக்கும் பழக்கத்துக்கும் சிஸ்டோஸ்கோபி, அதாவது குழாய்க் கேமரா விட்டுப் பையைப் பார்ப்பது, அவசியம்.

ரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் வராவிட்டாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, நடுராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.