மங்கு கழுவப் போகாதே, தம்பி

திருச்சியிலிருந்து மலேசியாவின் பினாங்குக்கு எலக்ட்ரானிக்ஸ் படிக்க வரப்போகும் ஒரு தம்பி ஆறு கேள்வி அனுப்பியிருக்கிறார். எந்த கிளப்பில் சேர்ந்தால் ரெஸ்யூமேக்கு நல்லது, பார்ட் டைம் வேலையில் மாதம் எவ்வளவு தேறும், இன்டர்ன்ஷிப் எப்படிப் பிடிப்பது, அறை வாடகை என்ன, சாப்பாடு எப்படி, குக்கர் கொண்டு வரலாமா. என் மகனைவிட நான்கு வயதுதான் மூத்தவர் என்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

தம்பி, அறையையும் சாப்பாட்டையும் யூடியூபில் பார்த்துக்கொள். பினாங்குக்கு வந்து பட்டினி கிடந்தவன் எவனும் இல்லை. உன் இரண்டாவது கேள்விதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 'ஃபீஸில் பாதியைப் பார்ட் டைமிலேயே எடுத்துவிடலாம் என்று கன்சல்டன்சியில் சொன்னார்கள்' என்று எழுதியிருக்கிறாய். 2001-இல் நாகப்பட்டினத்தில் எனக்கும் ஒருவர் இதையேதான் சொன்னார். ஏசி போட்ட அறை, சுவரில் பினாங்கின் கொம்தார் கோபுரத்தின் படம். நம்பாமல் எப்படி இருப்பது?

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மாணவன் இங்கே வேலை செய்யலாம். ஆனால் செமஸ்டர் விடுமுறையில், இல்லையென்றால் ஏழு நாளுக்கு மேல் நீளும் விடுமுறையில் மட்டும்தான். வாரத்துக்கு 20 மணி நேரம். அதுவும் உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், தங்கும் விடுதி ஆகிய நாலு இடங்களில்தான். அங்கேயும் கல்லாவில் உட்காரக் கூடாது, கேஷியர் வேலைக்குத் தடை. நீயாகப் போய்ச் சேரவும் முடியாது, கல்லூரி வழியாக இமிகிரேஷனில் அனுமதி வாங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார். வருடத்தில் சில வாரங்கள், வாரம் 20 மணி. இதில் போன் பில் கட்டலாம், நல்ல செருப்பு ஒன்று வாங்கலாம். ஃபீஸில் பாதி எங்கிருந்து வரும்?

கன்சல்டன்சிக்காரர் சொல்லாமல் விட்ட மீதிக் கதையை நான் சொல்கிறேன். அப்பா ஃபைபர் படகில் தனக்கிருந்த பங்கை விற்றுத்தான் என்னை அனுப்பினார். அமெரிக்க டாலருக்கு 3 ரிங்கிட் 80 காசு என்று அரசாங்கம் மாறாமல் கட்டி வைத்திருந்த காலம். ஒரு வெள்ளி நம் ஊர்க் காசுக்குப் பன்னிரண்டு ரூபாய். (இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வோம், இப்போதே பழகிக்கொள்.) கொண்டுவந்தது இரண்டாம் மாதமே கரைந்துவிட்டது. ஜார்ஜ் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாலை ஆறு மணியிலிருந்து இரவு ஒரு மணி வரை மங்கு, அதாவது தட்டும் கிண்ணமும், கழுவினேன், இரவுக்குப் பதினைந்து வெள்ளி. முதலாளி நம் ஆள், நம் மாவட்டம்கூட. 'ஊர்ப் பையன், நான் பார்த்துக்கறேன்' என்றார். 'சம்பளத்தை மொத்தமா வாங்கிக்க, கையில இருந்தா செலவாயிடும்' என்று இரண்டு மாதக் காசை அவரே வைத்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை இரவு கடை வாசலில் இமிகிரேஷன் வண்டி வந்து நின்றது. நான் பின்சந்தில் கேஸ் சிலிண்டர்களுக்கு நடுவில், சோப்பு நுரை காயாத கையோடு, முக்கால் மணி நேரம் குந்தியிருந்தேன். என்னோடு வேலை செய்த புதுக்கோட்டைப் பையன் அந்த நேரம் பார்த்து வெங்காய மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போயிருந்தான். அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் பெட்டியும் ஒரு ஜோடி ஷூவும் எங்கள் அறையில் ஆறு மாதம் கிடந்தன. மறுநாள் என் காசைக் கேட்கப் போனேன். முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து, 'தம்பி யாரு?' என்றார்.

நான் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பேன்? திருட்டு வேலைக்குக் கூலி வரவில்லை என்றா?

இன்றைக்குக் கடை மாறியிருக்கிறது, கதை மாறவில்லை. இன்னொருவன் பெயரில் உள்ள கணக்கில் சாப்பாடு டெலிவரி ஓட்டும் பையன்களைப் பார்க்கிறேன். மாட்டினால் மாணவர் பாஸ் போய்விடும், அடுத்தது விமானம்தான். மாட்டாவிட்டாலும் வேறு வழியில் போகும். இரவெல்லாம் ஓட்டிவிட்டு வகுப்பில் தூங்கினால் வருகைப் பதிவு சரியும். இப்போது பாஸ் புதுப்பிப்பது வெளிநாட்டு மாணவர் விவகாரங்களைப் பார்க்கும் இஎம்ஜிஎஸ் அமைப்பு வழியாக. 80 விழுக்காடு வருகை, 2.0 சிஜிபிஏ (மொத்த மதிப்பெண் சராசரி) கேட்பார்கள். எங்கள் காலத்தில் இஎம்ஜிஎஸ்ஸே கிடையாது. அன்றைக்குக் கல்லூரி கிளார்க் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தாரா இல்லையா என்பதுதான் விதி. விதிகள் மாறும். உன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேள், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள். சீனியர் சொன்னான் என்று எதையும் செய்யாதே.

சரி, கிளப். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், ஒரு சிப் தொழிற்சாலையின் டெஸ்ட் பிரிவில் இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை இன்டர்ன் பிள்ளைகளின் ரெஸ்யூமே என் மேசைக்கு வரும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் சான்றிதழ் சேர்க்கும் நோயோடு வருகிறார்கள். பிளாஸ்டிக் ஃபைல் நிறையப் பங்கேற்புச் சான்றிதழ். 'தலைமைத்துவப் பட்டறை, அரை நாள்.' அரை நாளில் தலைவனாகிவிட முடியுமென்றால் எங்கள் வீட்டில் நான் எப்போதோ ஆகியிருப்பேன்.

நான் எல்லாரிடமும் கேட்பது ஒரே கேள்வி. நீ செய்ததில் எது வேலை செய்யாமல் போனது, ஏன்? போன வருடம் ஈப்போவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கல்லூரி ரோபோ கிளப்பில் தரையில் போட்ட கோட்டின் மேலேயே ஓடும் வண்டி ஒன்று செய்திருக்கிறாள். லேபில் அழகாக ஓடிய வண்டி, போட்டி நடந்த மண்டபத்தில் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றியதாம். ஜன்னல் வழியாக வந்த வெயில்தான் காரணம். வெயிலில் இருக்கும் அகச்சிவப்புக் கதிர் சென்சாரைக் குருடாக்கிவிடும். அவள் கறுப்பு அட்டையில் வண்டிக்குப் பாவாடை மாதிரி ஒன்று வெட்டி ஒட்டி, அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சத்தை அளந்து எண்களை மாற்றும்படி புரோகிராமையும் திருத்தியிருக்கிறாள். மூன்றாம் பரிசுகூடக் கிடைக்கவில்லை. மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டேன். எங்கள் பிரிவில் தினமும் நடப்பது அதுதான். நேற்று பாஸான சிப் இன்று ஏன் ஃபெயில், சிப்பில் கோளாறா, சோதிக்கும் மெஷினில் கோளாறா?

அதனால் எந்த கிளப் என்று கேட்காதே. உடைத்துச் சரிசெய்ய எதையாவது கையில் கொடுக்கும் கிளப்பாகப் பார். எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர்களின் உலகச் சங்கமான ஐஇஇஇ-யின் மாணவர் கிளை உன் கல்லூரியில் இருந்தால் சேர். ஆங்கிலத்தில் வாய் கூசுகிறது என்றால் மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்குப் போ, நான் போயிருக்கிறேன், கால் நடுங்கும், பரவாயில்லை. ஒன்று மட்டும் மறக்காதே. ஊரில் கொடி பிடித்த பழக்கத்தில் இங்கே எந்தப் பேரணியிலும் போய் நிற்காதே. 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம் அந்த உரிமையைக் குடிமக்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறது. நண்பன் கூப்பிட்டான் என்பது காரணம் ஆகாது.

இன்டர்ன்ஷிப் பற்றி நீ கவலைப்பட வேண்டிய அளவுக்கு இல்லை. இன்ஜினியரிங் பட்டத்துக்கு இங்கே குறைந்தது எட்டு வாரத் தொழிற்பயிற்சி கட்டாயம். அது பாடத்திட்டத்துக்குள் வருவதால் கல்லூரிக் கடிதத்தோடு சட்டப்படி போகலாம். 1972-இல் பாயான் லெப்பாஸில் வரியில்லாத் தொழில் வட்டாரம் தொடங்கியபோது வந்த இன்டெல், ஏஎம்டி, பாஷ் முதலான எட்டு கம்பெனிகளை 'எட்டு சாமுராய்' என்று இங்கே பழையவர்கள் சொல்வார்கள். இன்றைக்குத் தீவு நிரம்பிப்போய், இரண்டாம் பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருக்கும் பத்து காவான் வரைக்கும் ஆலைகள். பெரும்பாலும் அசெம்பிளி, பேக்கேஜிங், டெஸ்ட். சிப் டிசைனும் வளர்கிறது. ஒரு செமஸ்டர் முன்னாலேயே விண்ணப்பம் போடு. பைத்தான் தெரிந்தால் சொல், எக்செல்லில் பத்தாயிரம் வரியைப் பார்த்துப் பயப்படமாட்டாய் என்றால் அதையும் சொல்.

ஆனால் 2024-இல் அரசாங்கம் செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன 60,000 இன்ஜினியர் என்ற எண்ணைக் கன்சல்டன்சிக்காரர் உனக்குக் காட்டியிருந்தால், அந்தக் கணக்கு மலேசியப் பிள்ளைகளுக்கானது. அதில் நீயும் இல்லை, நானும் இல்லை. படிப்பு முடிந்து இங்கேயே வேலை வேண்டும் என்றால் உனக்காக ஒரு கம்பெனி எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியை எடுக்க முன்வர வேண்டும், அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று வரம்பு உண்டு. உன்னைத் தெரிந்தவர் உள்ளே ஒருவராவது இருந்தால்தான் அந்தத் தலைவலியை ஏற்பார்கள்.

நம் ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஏழு பேர் ஒரு வீடு எடுப்பார்கள், ஏழு பேரும் தமிழ்நாடு. முறை வைத்து சாம்பார், இரவு ஐபிஎல். மூன்று வருடம் கழித்து 'பினாங்கு எப்படி?' என்றால் 'வெயில்' என்பார்கள். கோலாலம்பூரில் ஐடி வேலைக்கு வந்தவர்கள் இன்னும் மோசம். நம் ஆட்கள் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் இட்லி, காண்டோவில் நீச்சல் குளம், ஒப்பந்தம் முடிந்ததும் சிங்கப்பூர். பத்து வருடம் இருந்தவருக்கு மலாயில் 'தெரிமா காசே' (நன்றி) மட்டும் தெரியும். வெளிநாட்டு மாணவர்களுக்கு மலாய் ஒரு கட்டாயப் பாடம். பிள்ளைகள் அதைச் சனியன் என்பார்கள். என்னைக் கேட்டால் நீ படிக்கப்போகும் பாடங்களில் சோறு போடப்போவது அதுதான். இரவு ஷிப்டில் டெக்னீஷியன் போன் பண்ணி 'மெசின் ரோசாக்' என்பான். பழுது என்று அர்த்தம். அவனிடம் அவன் மொழியில் நாலு கேள்வி கேட்டால் மெஷின் பாதி சரியான மாதிரி.

இங்குள்ள தமிழர்கள் பேசும் தமிழைக் கேட்டுச் சிரிக்காதே. நான் சிரித்தேன், முதல் மாதம். காலையில் பக்கத்து வீட்டு அம்மா 'பசியாறியாச்சா?' என்று கேட்டார். ஏதோ பழைய நாடக வசனம் என்று நினைத்தேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டிருக்கிறார். அவர் பாட்டனார் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். என் தாத்தாவும் ரஜூலா கப்பலில் இதே பினாங்குக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்தான். என்ன, அவர் திரும்பிவிட்டார், இவர்கள் இருந்துவிட்டார்கள். நாம் என்னவோ தமிழுக்குப் பட்டா வாங்கிக்கொண்டு வந்த மாதிரி நடந்துகொள்கிறோம், அப்புறம் வீடு பிடிக்க மட்டும் அவர்களிடம் போய் நிற்கிறோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் பந்தல் போடுவார்கள். ஏதாவது ஒன்றில் போய் மோர் ஊற்று. கிளப் என்றால் அதுவும் கிளப்தான்.

எனக்கு வேலை கிடைத்த கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். மங்கு கழுவுவதை விட்டபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் செலவில்லாமல் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. தாவரவியல் பூங்கா பக்கம் மூன் கேட் என்று ஒரு வட்ட வாசல், அங்கிருந்து பினாங்குக் கொடிமலைக்குப் பாதை ஏறுகிறது. வழியில் ஓய்விடங்களில் ஓய்வுபெற்ற சீனப் பெரியவர்கள் டீ போட்டு வைத்திருப்பார்கள், ஏறி வருகிற யாரும் குடிக்கலாம். அந்த டீக்குத் தண்ணீரையும் சீனியையும் அவர்களே கீழேயிருந்து தூக்கிப்போவார்கள். எழுபது வயதுக்காரர் தூக்கும்போது நான் சும்மா ஏற வெட்கமாக இருந்தது. ஒரு கேனை வாங்கிக்கொண்டேன். பிறகு வாராவாரம். அவர்கள் பேசும் ஹொக்கியன் என்ற சீன மொழியின் கெட்ட வார்த்தைகளை முதலில் கற்றுக்கொடுத்தார்கள், எண்களை அப்புறம். ஒன்றரை வருடம் கழித்து, என்னோடு ஏறும் ஓர் அங்கிள் நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். அதுவரை கேட்டதே இல்லை. அவர் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் பிரிவின் மேலாளர் என்று எனக்கும் தெரியாது. 'ரெஸ்யூமே கொண்டு வா, அடுத்த வாரம்' என்றார். கொண்டுபோனேன், மடித்து, பிளாஸ்டிக் பையில். வியர்வையில் நனைந்துவிட்டது. அவர் அதை டீ அடுப்பின் பக்கத்தில் காயவைத்துப் படித்தார்.

அந்த அங்கிள் இப்போது இல்லை. பாதை இருக்கிறது, டீயும் இருக்கிறது.

குக்கர் கொண்டு வா. ஆனால் இங்கே பிளக் வேறு, மூன்று செவ்வக முனை. அடாப்டரை இங்கேயே வாங்கலாம். வந்து இறங்கி ஒரு வாரம் ஓய்வெடுத்துக்கொள். அப்புறம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூன் கேட்டுக்கு வா. ஐந்து லிட்டர் கேன் ஒன்று உனக்கென்று எடுத்து வைக்கிறேன்.