ஐஸ் ஆலையில் விபத்தைக் குறைக்கப் பழைய கொப்பிகள் போதுமா?

"திருகோணமலையில் சின்னதாக ஒரு ஐஸ் ஆலை நடத்துகிறோம். விபத்தைக் குறைக்க மென்பொருள் வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம், கையிலுள்ள கொப்பிகளே போதும்.

நானென்றால் திருத்த வேலைக் கொப்பியைத்தான் முதலில் புரட்டுவேன். குளிரூட்டப் பயன்படும் அமோனியா வாயு மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றுவது, தானாகக் குறையாது. அடிக்கடி நிரப்பியிருந்தால் எங்கோ கசிகிறது. மூக்கில் ஏறும்வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம் முதலுதவிக் கொப்பியையும் ஓவர்டைம் பதிவையும் திகதிவாரியாக ஒப்பிடுங்கள். வழுக்கி விழுந்தவர் அன்று எத்தனையாவது மணி நேரமாக வேலையில் நின்றார்? சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அந்த வெக்கையில் லொறியில் ஐஸ்கட்டி ஏற்றுகிறவர்களுக்கு மயக்கமும் லீவும் கூடினால், ஏற்றும் வேலையை விடியற்காலைக்கு மாற்றலாம்.

சட்ட விஷயம் சுருக்கமாக: விபத்தில் ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வழமையான வேலையைச் செய்து முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் போனால், 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி எழுத்தில் அறிவிக்க வேண்டும். வரவுப் பதிவோடு ஒப்பிட்டால் விடுபட்டது தெரிந்துவிடும்.

காயத்தைச் சொன்னவரின் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். மறுநாளே கொப்பி வெறுமையாகிவிடும். மருத்துவச் சிட்டைகளைப் பூட்டி வையுங்கள். மாதக் கூட்டத்துக்குப் பெயரில்லாத எண்ணிக்கை போதும்.