தலையணைக்கும் உள்ளர்த்தம் உண்டா?

பழைய ஓவியர்களின் நோட்டுகளில் வரும் துணிமணி, பாத்திரம், செருப்பு எல்லாம் குறியீடுகள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்குப் பாதி இல்லை என்பதுதான் என் எண்ணம்.

ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1493-இல் வரைந்த ஒரு தாளைப் பாருங்கள். முன்பக்கம் அவருடைய முகம், ஒரு கை, ஒரு தலையணை. பின்பக்கம் திருப்பினால் ஆறு தலையணைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கசங்கிக் கிடக்கின்றன. அந்த மடிப்புகளில் முகங்கள் ஒளிந்திருப்பதாகச் சிலர் சொல்வார்கள். உற்றுப் பார்த்தால் எனக்கும் தெரியத்தான் செய்கிறது, ஆனால் மேகத்தில் யானை தெரிவதும் அப்படித்தானே! துணி எப்படி மடிகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று கை பழக வரைந்ததாகவே எனக்குப் படுகிறது. சேலையோ அங்கியோ வரைய வேண்டுமென்றால் இந்தப் பயிற்சி இல்லாமல் முடியாது.

இதற்கு நேர் எதிர் லியனார்டோ டா வின்சியின் ஒரு தாள். இப்போது அது பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. மேகத்திலிருந்து ஏணி, மூக்குக்கண்ணாடி, லாந்தர் என்று வீட்டுச் சாமான்கள் மழையாகக் கொட்டுகின்றன. கூடவே, பணத்துக்காக மனிதன் எத்தனை பொருள்களுக்கு அடிமையாகிறான் என்ற பொருளில் அவரே எழுதியும் வைத்திருக்கிறார். இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை.

மண்டை ஓடு, மணற்கடிகாரம், அணைந்த மெழுகுவர்த்தி இவை தனி ரகம். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் இவற்றுக்கு நிலையாமை என்ற அர்த்தம் ஏற்கனவே ஊறிப்போயிருந்தது.

சரி, எப்படிப் பிரித்தறிவது? ஒரே பொருள் பல கோணங்களில் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் பயிற்சிதான். இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால், பக்கத்தில் எழுத்தும் இருந்தால், அப்புறம் அர்த்தம் தேடலாம்.