நீலம் என்று வாங்கிய கல் நீளவாக்கில் விரிசல் விட்டால்

கேள்வி: நீலக்கல் என்று சொல்லி விற்ற மோதிரம் ஒன்று வாங்கினேன். கல் சுமார் 10 காரட், நீள்வட்ட வடிவம். அல்ட்ராசோனிக் மெஷினில் சுத்தம் செய்து எடுத்தபோது கல்லின் நீளவாக்கில் நேராக ஒரு விரிசல் தெரிந்தது. “இது நீலம் இல்லை, கயனைட்” என்கிறார் ஆசாரி. எப்படி உறுதி செய்துகொள்வது? இதையே மறுபடி மோதிரத்தில் கட்டலாமா?

பதில்: ஆசாரி சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த விரிசலே முதல் சாட்சி. நீலம் என்பது அலுமினியம் ஆக்சைடு. அதற்குப் பிளவுத்தளம், அதாவது நேராகப் பிளந்துகொள்ளும் தளம், கிடையாது. உடைந்தால் பெரும்பாலும் சிப்பி ஓட்டின் உட்புறம்போல வளைந்து உடையும். கயனைட் அலுமினியம் சிலிக்கேட். அதன் அணுக்கள் படிகத்தின் நீளவாக்கில் சங்கிலி சங்கிலியாக இறுகப் பிணைந்தவை; ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் இடையிலான பிடிப்பு குறைவு. நாரோட்டம் பார்த்து வெட்டினால் விறகு சட்டென்று பிளக்கும் அல்லவா, அதேபோலத்தான். மெஷினின் அதிர்வு ஏற்கெனவே உள்ளே இருந்த மெல்லிய கீறலைப் பெரிதாக்கியிருக்கும்.

இந்தக் கல்லின் கடினமும் திசைக்குத் திசை மாறும். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் நீளவாக்கில் 4.5 முதல் 5.5, குறுக்குவாக்கில் 6.5 முதல் 7. பேனாக்கத்தி முனை நீளவாக்கில் கீறும், குறுக்கே வழுக்கும். இதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ‘டிஸ்தீன்’, அதாவது இரு வலிமை உடையது, என்று பெயர் வைத்தார்கள். பட்டை தீட்டிய கல்லில் மட்டும் இந்தக் கீறல் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள்.

அதற்குப் பதில் அடர்த்தியைப் பாருங்கள். கல்லை மோதிரத்திலிருந்து கழற்றச் சொல்லி, 0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் கல்லைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. 2.04 கிராம் கல்லுக்குத் தராசு 0.56 காட்டினால் விடை 3.64: கயனைட். 0.51 காட்டினால் 4.0: நீலம். 0.80ஐ ஒட்டி வந்தால் கண்ணாடியாகவோ அயோலைட் என்ற வேறொரு நீலநிறக் கல்லாகவோ இருக்கலாம். கல்லில் ஒட்டும் காற்றுக் குமிழிதான் கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் குமிழி ஒட்டாது. 5 காரட்டுக்குக் குறைந்த கல்லுக்கு இந்தத் தராசு போதாது, மில்லிகிராம் தராசு வேண்டும்.

ஆனால் நீலம்போலத் தோன்றும் செயற்கை நீல ஸ்பினல் கல்லின் அடர்த்தியும் 3.64தான்! அதைப் பிரித்தறிய லேப்டாப்பின் எல்சிடி திரையை வெள்ளையாக்கி, அதன் முன்னே கல்லைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். திரையின் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. கயனைட்டானால் கால் சுற்றுக்குள் அடர்நீலம் வெளிறிப்போகும். இரண்டு மூன்று பக்கங்களிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஸ்பினலில் நிறம் மாறவே மாறாது. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் கயனைட்டில் நீளவாக்கில் இழை இழையாக நிறம் ஓடுவதையும் பல கற்களில் காணலாம். அலுமினியத்தின் இடத்தில் துளியளவு புகுந்த இரும்பும் டைட்டானியமும் தரும் நீலம் அது.

உங்கள் கல் மட்டமானது என்று நினைத்துவிடாதீர்கள். அலுமினியம் மிகுந்த களிமண் படிவு, கண்டங்கள் மோதும் இடத்தில் பூமிக்குள் ஆழமாய்ப் புதைந்து அழுந்தும்போதுதான் கயனைட் விளைகிறது. நேபாளத்தின் இமயப் பாறைகளில் நல்ல நீலக் கயனைட் கிடைப்பது அதனால்தான். இதே வேதிப்பொருள் அழுத்தம் குறைந்த இடத்தில் ஆண்டலுசைட்டாகும், வெப்பம் மிகுந்த இடத்தில் சில்லிமனைட்டாகும். மூன்றும் எல்லை தொடும் புள்ளி ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ், 4,000 வளிமண்டல அழுத்தம். அதாவது சுமார் 15 கிலோமீட்டர் ஆழம். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் பிரித்தெடுக்கும் சில்லிமனைட் இந்தக் கல்லின் உடன்பிறப்பு.

மோதிரத்துக்கு இது வேண்டாம். கை எங்காவது இடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளே இதன் மினுமினுப்பைத் தேய்த்துவிடும். பதக்கமாகவோ தோடாகவோ மாற்றி, நான்கு நகம் வைத்துக் கவ்வாமல் சுற்றிலும் விளிம்பு மடித்துக் கட்டச் சொல்லுங்கள். விரிசலுக்கு நேராக அழுத்தம் விழக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் வேலை எப்போது வந்தாலும் கல்லைக் கழற்றிய பிறகே நெருப்பைக் காட்ட வேண்டும். அல்ட்ராசோனிக், நீராவி இரண்டும் இனி கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, தூசி போன பிறகு மென்மையான பிரஷால் துலக்கினால் போதும். காய்ந்த துணியால் நேரடியாகத் துடைக்காதீர்கள்.

பில்லில் ‘நீலம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், எந்த வேலைக்கும் கொடுக்குமுன் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்க அந்தத் தாள்தான் உதவும்.