24 ஹெச்.பி.யா, 45 ஹெச்.பி.யா? முதலில் நகை வெளியே வரட்டும்

கேள்வி: உடுமலை பக்கம் நாலரை ஏக்கர் இருக்கிறது. மூன்றரை ஏக்கர் தென்னை. ஒரு ஏக்கரில் வாழையும் காய்கறியும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். உழவுக்கு வாடகை டிராக்டர்தான், மணிக்கு 1,200 ரூபாய். ஈரம் இருக்கிற நாளில் கூப்பிட்டால் வருவதில்லை. அதனால் 24 ஹெச்.பி. ஃபோர் வீல் மினி டிராக்டர் வாங்க நினைக்கிறேன். மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர், கலப்பையோடு 7,35,000 ஆகிறது. ஃபைனான்ஸில் 5,50,000 தருகிறார்கள். 15 சதவீத வட்டி, ஐந்து வருடம். வருடம் 1,60,000 தவணை வரும், அதைக் கட்ட முடியும். மீதி 1,85,000-ஐ மனைவியின் நகைக்கடனில் கூட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று பேங்கில் சொன்னார்கள். 18 பவுன், 2019-இல் 3 லட்சத்துக்கு வைத்தது, வருடாவருடம் திருப்பி வைத்து இப்போது 7,40,000-இல் நிற்கிறது. மச்சினனோ, "45 ஹெச்.பி.யே எடுங்க, வாடகைக்கு நான் ஓட்டித் தவணையைக் கட்டிடறேன்" என்கிறான். எதை வாங்குவது? இரவில் தூக்கம் வரவில்லை ஐயா.

பதில்: உங்கள் கடிதத்தின் முன்பக்கத்தில் டிராக்டரைப் பற்றிப் பத்து வரி, நகைக்கடனைப் பற்றி ஒரே வரி. எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான்.

2019 தொடக்கத்தில் தங்கம் கிராம் மூவாயிரத்துச் சொச்சம், அதாவது எட்டு கிராம் பவுன் இருபத்து நாலாயிரத்துச் சொச்சம். 2025 அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டியது. இந்த ஏற்றத்தில் உங்கள் 18 பவுன் ஒரு குண்டுமணி கூடக் கூடவில்லை, கடன் மட்டும் 3 லட்சத்திலிருந்து 7,40,000 ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் வட்டியைக் கட்டி, அதே நகையைத் திருப்பி வைத்து, விலை ஏறிய அளவுக்குக் கூடுதல் பணம் வாங்கி வந்திருக்கிறீர்கள். போர்வெல்லுக்குக் கொஞ்சம், பையன் காலேஜுக்குக் கொஞ்சம், மச்சினரின் ஒர்க்‌ஷாப்புக்கு ஒன்றரை லட்சம் என்று கடிதத்தின் பின்பக்கம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விலை ஏற்றத்தை வருமானமாக நினைக்கிற இந்தப் பழக்கத்தை இந்த வருடத்தோடு நிறுத்த வேண்டும். விலை இறங்கவும் செய்யும். 90,000-ஐத் தாண்டிய அதே அக்டோபர் மாதக் கடைசியிலேயே பவுனுக்குச் சில ஆயிரம் சரிந்ததைப் பார்த்தோம்.

அதே பின்பக்கத்தில் இன்னொரு செலவையும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். முழுக்கடனையும் கட்டினால்தான் மறுபடி வைக்க முடியும் என்று பேங்கில் சொன்னதால், பேங்க் வாசலில் நிற்கிற வட்டிக்காரரிடம் ஒரு நாளைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 7,40,000 கைமாற்று வாங்கியிருக்கிறீர்கள். அதாவது காலை பதினோரு மணிக்கு வாங்கி மூன்று மணிக்குத் திருப்பிக் கொடுத்த பணத்துக்கு 7,400 ரூபாய். ஆறு மணி நேர வாடகை உழவு அந்த நாலு மணி நேரத்தில் போயிற்று. இந்த வாசல் காட்சியை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கும்.

சரி, டிராக்டர் கணக்குக்கு வருவோம். தென்னைக்கு வருடம் மூன்று உழவு, ஏக்கருக்கு ஒன்றேகால் மணி. மூன்றரை ஏக்கருக்கு 13 மணி ஆகிறது. ஒரு ஏக்கர் வாழை, காய்கறிக்கு 12 மணி. எரு, தேங்காய் ஏற்றி இறக்க என்று தாராளமாகச் சேர்த்தாலும் மொத்தம் 40 மணிதான். 1,200 வீதம் 48,000 ரூபாய். அதுதான் இன்று உங்கள் வருட வாடகைச் செலவு.

சொந்த வண்டி வந்தால்? 5,50,000-க்கு ஆறு மாதத்துக்கு ஒரு தவணை, சுமார் 80,000. வருடத்துக்கு 1,60,000. கூட்டி வாங்கும் நகைக்கடனுக்கு 9 சதவீதத்தில் 16,650. டீசல் மணிக்கு இரண்டரை லிட்டர் என்றால் 40 மணிக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். இன்சூரன்ஸ், சர்வீஸ், ஆயில் சேர்த்து 15,000 என்று வையுங்கள். இரண்டு லட்சம் வந்துவிட்டது. நாற்பதால் வகுத்தால் மணிக்கு 5,000 ரூபாய். 1,200 ரூபாய்க்குக் கிடைக்கிற உழவுக்கு ஐந்து வருடம் இந்த விலை கொடுக்கப்போகிறீர்கள்.

கூப்பிட்ட நேரத்தில் வருவதில்லை என்ற குறை நியாயமானது. ஈரம் போனால் உழவு போச்சு. ஆனால் அதற்கு 1,200-க்குப் பதில் 1,500 கொடுத்து முன்கூட்டியே நாள் சொல்லி வைக்கலாம். நாற்பது மணிக்கு 12,000 கூடும், அவ்வளவுதான். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை தமிழக அரசின் உழவன் செயலியில் முன்பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. வெளி வாடகையை விடக் குறைவு.

மச்சினர் சொல்லும் வாடகை வருமானத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அவர் நல்லவரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஊரில் உழவு வாடகை அறுவடை முடிந்துதான் கைக்கு வரும். ஃபைனான்ஸ் தவணைக்கு அந்தப் பொறுமை கிடையாது. டிரைவர் சம்பளம், டயர், கிளட்ச் எல்லாம் உங்கள் தலையில் விழும். விவசாயத்துக்கு என்று பதிவான வண்டியில் செங்கல் ஏற்றிப் போய் ஏதாவது ஆனால், இன்சூரன்ஸ் இழப்பீடு மறுக்கப்படலாம். கடன் பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர். ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்த ஒன்றரை லட்சம் திரும்பி வந்த பிறகு இந்தப் பேச்சை எடுக்கலாம் என்று உறவு கெடாமல் சொல்லிப் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. வருடம் 1,60,000 தவணை கட்ட முடியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பணம்தான் உங்கள் பலம். அதை நகைக்கடன் அசலில் கட்டுங்கள். இப்போது கட்டிவரும் 66,600 வட்டியையும் அதே அளவில் தொடருங்கள். அசல் குறையக் குறைய மிச்சமாகும் வட்டியும் அசலுக்கே போகும். முதல் வருட முடிவில் 5,80,000. இரண்டாம் வருடம் நாலு லட்சத்துச் சொச்சம். நாலு வருடம் கொஞ்சம் தாண்டும்போது 18 பவுனும் வீட்டில். தேங்காய் விலை 2025-இல் போல உயர்ந்து இருந்தால் இன்னும் சீக்கிரம். வெள்ளை ஈப் பூச்சியும் வேர் வாடல் நோயும் தோப்பில் புகுந்தால் கொஞ்சம் தள்ளிப்போகும். அந்த ஆபத்து இருக்கிற தோப்பை நம்பி இரண்டு கடனைச் சுமக்க வேண்டாம் என்பதும் என் கணக்கில் இருக்கிறது.

18 பவுனும் ஒரே கடனாக, ஒரே பையில் இருக்கிறது. அடுத்த முறை நகையை எடுக்கும்போது, கூடுதல் பணம் ஒரு ரூபாயும் வாங்காமல், மூன்று நான்கு தனிக் கடன்களாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். மொத்தமாக இருந்தால் கடைசி ரூபாய் கட்டும்வரை ஒரு மோதிரம்கூட வெளியே வராது. பிரித்து வைத்தால் முதல் வருடமே மூன்று நான்கு பவுன் வீட்டுக்கு வரும். கையில் வந்து சேரும் நகைதான் அடுத்த வருடமும் கட்டத் தெம்பு தரும். போனில் இரண்டு தட்டு தட்டினால் அதே நகைக்கு மேலும் பணம் என்கிற டாப்-அப் செயலிகள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது உண்மை. இப்போதே எடுங்கள் என்று ஷோரூமில் அவசரப்படுத்துவார்கள். வரி குறைந்த விலை இரண்டு வருடம் கழித்தும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கடன் பாதிக்கு மேல் குறைந்ததும் வாங்கப் போங்கள். அப்போதும் 45 ஹெச்.பி. வேண்டாம். 25 அடி இடைவெளித் தென்னையில் பெரிய வண்டி தாராளமாகப் போகும், அந்த உழவை வாடகை டிராக்டருக்கே விட்டுவிடலாம். ஆறடி வாழை வரிசைக்குள் நுழைய வேண்டியதுதான் உங்கள் தேவை. அதற்கு 18 முதல் 24 ஹெச்.பி. போதும். டயரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து பாருங்கள். இன்ஜின் ஹெச்.பி.யை மட்டும் கேட்காமல் பி.டி.ஓ. ஹெச்.பி. எவ்வளவு என்று கேளுங்கள். வண்டிக்குப் பின்னால் மாட்டும் ரோட்டவேட்டரைச் சுழற்றக் கிடைக்கும் சக்தி அதுதான். டெமோவை ஷோரூம் வாசலில் வேண்டாம், உங்கள் வாழைக்காட்டில் ரோட்டவேட்டர் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். மெக்கானிக் எந்த ஊரிலிருந்து வருவார் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

அதற்குள் தாசில்தார் அலுவலகத்தில் சிறு விவசாயி சான்று வாங்கி வையுங்கள். ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் உங்களுக்குக் கிடைக்கும். மானிய ஒதுக்கீடு வரும் வருடம், வண்டி எடுப்பதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எடுத்துவிட்டுப் போனால் கிடைக்காது.

நகையைப் பிரித்து வைக்கும் நாளில் பேங்குக்கு உங்கள் மனைவியையும் கூட்டிப் போங்கள். எந்த உருப்படி முதல் கடனில் இருக்க வேண்டும், எது முதலில் வீட்டுக்கு வர வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.