கணவர் கையெழுத்துதான் செல்லுமா?

கேள்வி: என் அக்காவுக்கு 36 வயது. வீட்டை விற்பது தொடர்பாக ஆறு மாதமாகக் கணவரோடு தகராறு. சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் கத்திக்கொண்டிருந்தாள் என்று சொல்லி, மாமா அவளை ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார். இன்றோடு 12 நாள். பார்க்கப் போனால், “கணவர் சொன்னால்தான் விடுவோம்” என்கிறார்கள். போனிலும் பேச முடியவில்லை. ஒரே ஒரு முறை தூரத்தில் பார்த்தபோது, “என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்றாள். கோர்ட்டில் கேஸ் போடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் நேராக அங்கே போக வேண்டியதில்லை. இந்த மாதிரி புகார்களைக் கேட்பதற்கென்றே 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநல மறுஆய்வு வாரியம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. மாவட்ட நீதிபதி, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அல்லது அந்தப் பதவிக்குத் தகுதியுள்ளவர் அதன் தலைவராக இருப்பார். கலெக்டரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர் ஆகியோரும், மனநோயை அனுபவித்தவர்கள் அல்லது அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் தரப்பில் இரண்டு பேரும் உறுப்பினர்கள். மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

முதலில் அந்த ‘கணவர் சொன்னால்தான்’ விஷயத்துக்கு வருகிறேன். இது சட்டத்தில் எங்கேயும் இல்லை. சட்டம் பேசுவது நியமனப் பிரதிநிதியைப் பற்றி, அதாவது சிகிச்சை முடிவுகளில் நோயாளிக்குத் துணை நிற்பவரைப் பற்றி. 18 வயது தாண்டிய யாரும் தனக்கு நம்பிக்கையான ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். அந்த நபரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அக்கா யாரையும் நியமிக்காத பட்சத்தில்தான் ‘உறவினர்’ அந்த இடத்துக்கு வருகிறார். உறவினர் என்றால் ரத்தத்தாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ உறவானவர். மாமா எப்படி உறவினரோ அப்படித்தான் நீங்களும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வாரியத்தில் மனு போடக்கூடியவர்கள் மூன்று பேர்தான்: சிகிச்சையில் இருப்பவர், அவருடைய நியமனப் பிரதிநிதி, அல்லது அவர் சம்மதத்தோடு ஒரு பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி. தங்கை என்ற உரிமையில் மட்டும் உங்களால் போட முடியாது. ஆகவே அக்காவே போட வேண்டும், அல்லது உங்களைப் பிரதிநிதியாக எழுதித் தர வேண்டும். பேனாவும் காகிதமும் தர மறுக்கிறார்களா? விதிவிலக்கான சூழ்நிலைகளில், உள்ளே இருப்பவர் வாயால் சொல்வதையோ போனில் சொல்வதையோகூட வாரியம் மனுவாக ஏற்கலாம். பார்வையாளரைப் பார்ப்பது, போன் பேசுவது எல்லாம் 26-ஆம் பிரிவின்படி அக்காவின் உரிமை. ‘இன்னாரைப் பார்க்க மாட்டேன்’ என்று சொல்லும் அதிகாரம் அவருக்குத்தான் உண்டு, மாமாவுக்கு இல்லை. வக்கீலைத் தடுக்க மருத்துவமனைக்கும் அதிகாரம் இல்லை.

அடுத்து, எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ‘தானாக வந்து சேர்ந்தார்’ என்று பதிவாகியிருந்தால் அக்கா கேட்டவுடன் விட வேண்டும். மிஞ்சிப் போனால், மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். 89-ஆம் பிரிவில், அதாவது பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்த்திருந்தால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை இருந்திருக்க வேண்டும். சுயமாக முடிவெடுக்க இயலாமல் இருந்திருக்கவும் வேண்டும். பெண் என்பதால் மூன்று நாளுக்குள் வாரியத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் மனுவில் அதையே முதல் பத்தியாக எழுதுங்கள். சொத்துத் தகராறைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். வாரியம் முதலில் பார்ப்பது, சேர்த்த விதம் சரியா, இன்றைக்கு அக்காவின் நிலை என்ன என்பதைத்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு உண்மையிலேயே சிகிச்சை தேவைப்படலாம். தூக்கமும் சாப்பாடும் போனது சின்ன விஷயம் இல்லை. வாரியம் அவரோடு பேசிப் பார்த்து, இன்னும் சில நாள் இருக்கட்டும் என்று சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னாலும், பிரதிநிதியை மாற்றும்படி கேட்பது வீண் போகாது. அந்த மாற்றம் ஒன்றே பல சிக்கல்களைத் தீர்த்துவிடும்.

89-ஆம் பிரிவுச் சேர்க்கையை எதிர்த்த மனுவை ஏழு நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. விசாரணை பொதுவில் நடக்காது, அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமானால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும், மனநல மருத்துவமனையில் இருப்பவர்களுக்கும் இதில் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

வாரியத்தின் முடிவு திருப்தியாக இல்லையென்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் ஊருக்கு மதுரைக் கிளை. ஆட்கொணர்வு மனுவும் (சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பவரைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தக் கேட்கும் மனு) அங்கேதான். அக்கா எங்கே இருக்கிறார் என்றே சொல்லாமல் மறைத்தாலோ, எந்தச் சேர்க்கைப் பதிவும் இல்லாமல் பூட்டி வைத்திருந்தாலோ, வாரியத்துக்காகக் காத்திருக்காமல் அதைப் போடுங்கள். ஆவணங்கள் ஒழுங்காக இருக்கும் இடத்தில் ஆட்கொணர்வு மனு அவ்வளவாக உதவாது. ‘வாரியத்துக்குப் போங்கள்’ என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம்.

அவசரம் கருதி இதன் சுருக்கத்தை உங்களுக்கு முன்பே தபாலில் அனுப்பிவிட்டோம். இதழ் கைக்கு வரும்போது அக்காவைச் சேர்த்து 30 நாள் நெருங்கியிருக்கலாம். 89-ஆம் பிரிவில் அதற்கு மேல் வைத்திருக்க முடியாது. தொடர வேண்டுமென்றால் 90-ஆம் பிரிவில், இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியாகப் பரிசோதித்து, வாரியத்தின் அனுமதியும் பெற வேண்டும். 30-ஆம் நாள் எந்தத் தேதியில் வருகிறது என்று இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். அன்று காலையிலேயே மருத்துவமனைக்குப் போய், எந்தப் பிரிவில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.